கூத்து ராத்திரியும் லிப்மட்ரோஸ்காவும்

போன வருஷம் ஆடியில், செய்யாறு பக்கம் அம்மாவின் ஊரில், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. என் மாமா அந்த ஜமாவில் முகவீணை என்ற சின்ன ஊதுகருவி வாசிக்கிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார், மூச்சு முன்போல நிற்பதில்லை என்று அவரே சொல்லத் தொடங்கியிருந்தார். அதனால் இந்த முறை கர்ணன் கூத்தை ராத்திரி முழுக்கப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கேமரா, மைக், லேப்டாப் எல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். கேமராவிலிருந்து வரும் படம் நேராக லேப்டாப்புக்குப் போய் ஒரே எம்பி4 கோப்பாக எழுதப்பட வேண்டும், அதுதான் ஏற்பாடு. பத்தரை மணிக்குக் கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரன் வந்தான். மூன்றரைக்கு ஜெனரேட்டர் நின்றது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது, கரண்டிலேயே ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது, அப்படியே அணைந்தது.

பத்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் வந்துவிட்டது, கூத்தும் தொடர்ந்தது. லேப்டாப்பைத் திரும்ப எழுப்பிப் பார்த்தால் ஐந்து மணி நேரப் பதிவு, 18 ஜிபி, ஒரே கோப்பாகக் கிடக்கிறது, ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. விடிந்ததும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து "எங்கப்பா, காட்டு பாக்கலாம்" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. அங்கிருந்து எம்கேவி கோப்புக்கு மாறி, அதைப் படிக்கும் லிப்மட்ரோஸ்கா என்ற லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) நானே கட்டிய கதை இது.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் தேடியது இது ஏன் என்பதைத்தான். கோப்பிலிருந்து படமும் சத்தமும் எங்கும் போய்விடவில்லை, 18 ஜிபியும் அப்படியே இருந்தது. சாதாரண எம்பி4 கோப்பில் முக்கியமாக இரண்டு பெட்டிகள். எம்டாட் என்ற பெட்டியில் படத்தின் பைட்டும் ஒலியின் பைட்டும் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும். மூவ் என்ற பெட்டியில்தான் எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட், எந்த நேரத்தில் காட்ட வேண்டும், எந்தக் கோடெக்கில் சுருக்கப்பட்டது என்ற பட்டியல் எல்லாம் இருக்கும். பதிவை நிறுத்தும்போதுதான் இந்த மூவ் எழுதப்படுகிறது, ஏனென்றால் அதற்கு முன் பட்டியல் முழுசாகத் தெரியாது. நடுவில் கரண்ட் போனால் பட்டியல் இல்லாத குவியல் மட்டும் மிஞ்சும். துண்டு துண்டாகப் பட்டியல் எழுதிக்கொண்டே போகும் எம்பி4 வகையும் உண்டு, அதில் இந்தச் சிக்கல் வராது, ஆனால் என் பதிவு அப்படிப் போகவில்லை. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, உடைந்த கோப்பின் பட்டியலை ஊகித்துக் கட்டும் கருவி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் மீண்டது. மாமாவின் வாசிப்பு அதில் கொஞ்சம்தான்.

அதற்கப்புறம்தான் எம்கேவி பக்கம் வந்தேன். எம்கேவி என்பது மட்ரோஸ்கா என்ற கொள்கலன் வடிவம். கொள்கலன் என்றால் படத்தைச் சுருக்கும் முறை அல்ல, அது கோடெக்கின் வேலை. சுருக்கி வந்த படம், ஒலி, சப்டைட்டில், அத்தியாயக் குறிப்பு, இணைப்பாக வரும் எழுத்துரு வரை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நேரம் தப்பாமல் அடுக்கி வைப்பதுதான் கொள்கலனின் வேலை. மட்ரோஸ்கா இதை எப்படிச் செய்கிறது என்றால், படத்தையும் ஒலியையும் கிளஸ்டர் என்ற சின்னச் சின்னத் தொகுதிகளாக, வழக்கமாக 5 விநாடிக்குள் ஒன்றாக, எழுதிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கிளஸ்டரின் தலையிலும் அதன் நேரம் இருக்கும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் அது எந்த டிராக்கைச் (படத்தின் தடமா, ஒலியின் தடமா) சேர்ந்தது, கிளஸ்டர் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பது இருக்கும். டிராக்குகளின் விவரம் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிடும். நடுவில் அறுந்தாலும் அறுந்த இடம் வரைக்கும் படிக்கலாம். முன்னும் பின்னும் தாவ உதவும் க்யூஸ் பட்டியல் கடைசியில் எழுதப்படுவதால் அது மட்டும் இருக்காது, ஒருமுறை திரும்ப மக்ஸ் செய்தால், அதாவது புதிய கோப்பில் திரும்ப அடுக்கினால், அதுவும் வந்துவிடும்.

இந்த வடிவம் 2002 டிசம்பர் 6 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எம்சிஎஃப் என்ற திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஸ்டீவ் லோம், எல்லாவற்றையும் இபிஎம்எல் என்ற பைனரி அமைப்பின் மேல் கட்ட வேண்டும் என்பதில் கருத்து வேறுபட்டுப் பிரிந்து வந்து தொடங்கியது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்த பெயர். பெயருக்கு ஏற்ற வடிவம்தான், உள்ளே எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று. 2010 மே மாதம் கூகுள் வெளியிட்ட வெப்எம் இதே மட்ரோஸ்காவின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட வடிவம்.

சரி, எம்கேவியில் பதிவு செய்யத் தொடங்கினேன், அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. கரண்ட் போய் அறுந்த கோப்பில் கடைசியாக முழுசாக இருக்கும் கிளஸ்டர் எந்த நேரத்தைச் சேர்ந்தது? மாமா வீட்டு ஹார்ட் டிஸ்கில் சேர்ந்து கிடக்கும் கோப்புகளில் எந்த டிராக்குக்கு மொழி குறிக்கப்படவில்லை? இரண்டாவதற்கு எம்கேவிடூல்நிக்ஸ் தொகுப்பில் அருமையான கருவிகள் இருக்கின்றன, தயங்காமல் அதையே எடுக்கலாம். முதலாவதற்கு, உடைந்த கோப்பை பைட் பைட்டாக நடந்து பார்க்கும் சின்ன நிரல் ஒன்று நானே எழுத ஆசைப்பட்டேன். அதற்குத்தான் லிப்இபிஎம்எல், லிப்மட்ரோஸ்கா என்ற இரண்டு சி++ லைப்ரரிகள். கீழ்த்தட்டில் லிப்இபிஎம்எல்: ஒன்றுக்குள் ஒன்றான உறுப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் மட்டும் அதற்குத் தெரியும். மேல்தட்டில் லிப்மட்ரோஸ்கா: டிராக், கிளஸ்டர், க்யூஸ் என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். எம்கேவிடூல்நிக்ஸும் விஎல்சி பிளேயரும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் தனக்கென்று எம்கேவி படிக்கும் நிரலை உள்ளேயே வைத்திருக்கிறது, அதற்கு இவை தேவையில்லை. இரண்டு லைப்ரரிகளுமே எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கின்றன.

டெபியன் லினக்ஸிலோ உபுண்டு லினக்ஸிலோ இரண்டு டெவ் பேக்கேஜையும் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அதுவே போதும், அதைத்தான் முதலில் சொல்வேன். நான் மூலநிரலிலிருந்து கட்டியதற்குக் காரணம் வேறு. நான் இந்த லைப்ரரிக்குக் கொடுக்கப்போவது எல்லாமே உடைந்த கோப்புகள். லிப்இபிஎம்எல்லில் எழுத்துச் சரங்களைப் படிக்கும் இரண்டு ஃபங்ஷன்களில் ஹீப் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டிப் போகும் பிழை, ஒன்று இருந்தது, 2021-இல் வெளியான 1.4.2 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். உடைந்த கோப்பில், இத்தனை பைட் இருக்கிறது என்று சொல்லும் எண்ணே கெட்டுப்போயிருக்கலாம், அதை நம்பிப் படித்தால் நினைவகத்தில் எங்கே போய் விழுவோம் என்று தெரியாது. அதனால் அட்ரஸ் சானிடைசர் போட்டு, டிபக் குறிகளோடு, லைப்ரரியையும் என் நிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். சானிடைசர் இருந்தால் தப்பான இடத்தைத் தொட்ட கணமே நிரல் நின்று, எந்த வரி என்று காட்டிவிடும். டெபியனும் உபுண்டுவும் தரும் பேக்கேஜில் அது கிடையாது.

கட்டுவது கடினமே இல்லை. ஜிசிசி (கம்பைலர்), சிமேக் (கட்டும் கருவி), கிட் (மூலநிரலை எடுக்க), பேக்கேஜ்-கான்ஃபிக் (லைப்ரரி எங்கே என்று சொல்ல) இந்த நான்கும் போதும். லிப்இபிஎம்எல்லை கிட்ஹப்பிலிருந்து குளோன் செய்து, வெளியீட்டு டேக் ஒன்றை செக்-அவுட் செய்ய வேண்டும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. புது வேலை நடக்கும் மாஸ்டர் கிளை 2.0-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, 1.x-க்கு எழுதிய நிரல் அதில் அப்படியே கம்பைல் ஆகாது. நான் லிப்இபிஎம்எல்லை மாஸ்டரிலிருந்தும் லிப்மட்ரோஸ்காவை 1.7 டேக்கிலிருந்தும் எடுத்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பக்கம் பக்கமாக எர்ரர் வந்த பிறகுதான் இது புரிந்தது. இரண்டையும் ஒரே தலைமுறையிலிருந்து எடுங்கள், லிப்இபிஎம்எல் 1.4 வரிசை, லிப்மட்ரோஸ்கா 1.7 வரிசை.

அப்புறம் பில்ட் என்று தனி அடைவு ஒன்றில் சிமேக்கை ஓட்ட வேண்டும். மூலநிரல் அடைவுக்குள்ளேயே ஓட்டாதீர்கள், பிறகு எது மூலம், எது விளைந்தது என்று பிரிக்கவே முடியாது. சிமேக்குக்கு நான் கொடுத்தவை நான்கு தெரிவுகள். பில்ட் ஷேர்டு லிப்ஸ் என்பதை ஆன் ஆக்கினேன், சொல்லாவிட்டால் நிரலுக்குள்ளேயே ஒட்டிவிடும் ஸ்டாட்டிக் லைப்ரரிதான் வரும். பில்ட் டைப் என்பதில் டிபக். சிஎக்ஸ்எக்ஸ் ஃபிளாக்ஸில் சானிடைசர் ஃபிளாக். நான்காவது, இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ், எங்கே நிறுவ வேண்டும் என்பது. என் ஹோம் அடைவுக்குள் எம்கேவி-டிபக் என்று ஒன்றை உருவாக்கி அதைக் கொடுத்தேன். பிறகு சிமேக்கின் பில்ட் கட்டளை, இன்ஸ்டால் கட்டளை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். லைப்ரரி சின்னதுதான்.

அந்த நான்காவது தெரிவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை நான் அதைக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போகும், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு நிறுவிவிட்டேன். அன்று ராத்திரி மனைவி விஎல்சியில் எம்கேவி கோப்பைத் திறக்கப் போக, திறந்த வேகத்தில் விஎல்சி மூடிக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. உபுண்டுவில் லைப்ரரி தேடும் வரிசையில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் முன்னால் நிற்கிறது, சிஸ்டத்தின் லிப் அதற்குப் பின்னால். விஎல்சியின் எம்கேவி பிளகின் "லிப்இபிஎம்எல் 5 எங்கே" என்று கேட்டதும் முதலில் கிடைத்தது நான் சானிடைசர் போட்டுக் கட்டியது (இந்த 5 பதிப்பு எண் அல்ல, எந்த லைப்ரரி பொருந்தும் என்று லோடர் பார்க்கும் எண்). அப்படிக் கட்டிய லைப்ரரி உள்ளே வரும்போது சானிடைசர் ஓடத் தேவையான ரன்டைமும் கூடவே வரும், ஆனால் தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும், அப்படி இல்லையென்றால் ஒரு வரி செய்தியைச் சொல்லிவிட்டு மொத்த நிரலையும் முடித்துவிடும். டெர்மினலிலிருந்து விஎல்சியை ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. யூஎஸ்ஆர் லோக்கலில் போட்டதையெல்லாம் நீக்கி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டியதும் விஎல்சி பழையபடி ஓடியது. நீக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது: இன்ஸ்டால் செய்யும்போது எந்தெந்தக் கோப்பு எங்கே போனது என்று இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்ற உரைக்கோப்பு ஒன்றை சிமேக் பில்ட் அடைவில் எழுதி வைக்கும். பில்ட் அடைவை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது லிப்மட்ரோஸ்கா. இதை எடுத்து சிமேக்கை ஓட்டினால் இபிஎம்எல்கான்ஃபிக் என்ற கோப்பைக் காணவில்லை என்று நிற்கும். லிப்இபிஎம்எல் தன்னை நிறுவிக்கொள்ளும்போதே, தான் எங்கே இருக்கிறேன், என்ன பதிப்பு என்று சொல்லும் அந்தச் சிறு கோப்பையும் கூடவே வைத்துவிட்டுப் போகிறது. ஆனால் நாம் ஹோம் அடைவுக்குள் வைத்ததால் சிமேக் அங்கே தேடாது. பிரிஃபிக்ஸ் பாத் என்ற தெரிவில் எம்கேவி-டிபக் அடைவைக் கொடுத்தால் தேடிப் பிடித்துக்கொள்ளும், பதிப்பு போதுமானதா என்றும் பார்த்துக்கொள்ளும். பேக்கேஜ்-கான்ஃபிக் வழியாக உங்கள் நிரலைக் கட்டுகிறீர்கள் என்றால் அதற்குத் தனியாக பேக்கேஜ்-கான்ஃபிக் பாத் என்ற சூழல் மாறியை வைக்க வேண்டும். ஃபெடோராவில் லிப் என்பதற்குப் பதிலாக லிப்64 என்ற அடைவுக்குள் போயிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் நிறுவியாயிற்று, என் நிரலும் கம்பைல் ஆயிற்று, ஓடவும் ஓடியது. என் இரண்டு மாலைகளை விழுங்கியது இதுதான். வேண்டுமென்றே நடுவில் வெட்டிய கோப்பைக் கொடுத்துப் பார்த்தேன், சானிடைசர் ஒன்றுமே சொல்லவில்லை, லைப்ரரிக்குள் பிரேக்பாயின்ட் வைத்தாலும் வரி எண் காட்டவில்லை. கடைசியில், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையில் என் நிரலைக் கொடுத்துப் பார்த்தால், லிப்இபிஎம்எல் என்ற பெயருக்கு நேராக சிஸ்டத்தின் அடைவு நிற்கிறது. கம்பைல் செய்யும்போது என்னுடைய லைப்ரரியைக் காட்டினேன், அது நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு மட்டும்தான். ஓடும்போது தேடுவது டைனமிக் லோடர், அதற்கு என் ஹோம் அடைவைப் பற்றி எதுவும் தெரியாது. சிஸ்டத்தில் இந்த லைப்ரரியே இல்லாமலிருந்தால் "ஷேர்டு ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று நின்றிருக்கும், உடனே தெரிந்திருக்கும். விஎல்சிக்காக அதே 5 என்ற எண்ணோடு ஒன்று ஏற்கெனவே இருந்ததால், பேசாமல் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இப்படிச் சத்தமில்லாமல் வேறொன்றில் ஓடுவதற்கு, எர்ரர் அடித்து நிற்பது ஆயிரம் மடங்கு நல்லது.

தீர்வு ஆர்பாத். என் நிரலை லிங்க் செய்யும்போதே ஷேர்டு லைப்ரரிகளை இந்த அடைவில் தேடு என்று உள்ளேயே எழுதிவிட வேண்டும். அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: லிப்மட்ரோஸ்கா தானே லிப்இபிஎம்எல்லைத் தேடும், இன்ஸ்டால் செய்யும்போது சிமேக் அதன் ஆர்பாத்தை அழித்துவிடும். இன்ஸ்டால் ஆர்பாத் யூஸ் லிங்க் பாத் என்ற தெரிவை ஆன் செய்து லிப்மட்ரோஸ்காவைத் திரும்பக் கட்டினேன். அப்புறம் எல்டிடி இரண்டையும் என் அடைவிலிருந்தே காட்டியது, வெட்டிய கோப்புகளைச் சானிடைசரின் காவலில் ஒவ்வொன்றாக ஓட்ட முடிந்தது. எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியை வைத்தும் ஒப்பேற்றலாம், ஆனால் அதே டெர்மினலில் வேறு எதையாவது ஓட்டினால் அதுவும் இந்த டிபக் லைப்ரரியைப் பிடித்துக்கொள்ளும், விஎல்சி கதைதான் மறுபடியும்.

நிரல் எழுதியது பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கு முன்னால் எம்கேவி கோப்பு ஒன்றை, ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் டம்ப் எடுத்து, பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு முதல் 40 பைட்டைக் கையாலேயே படித்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம் அது. கோப்பு 1ஏ 45 டிஎஃப் ஏ3 என்ற நான்கு பைட்டில் தொடங்கும், அது இபிஎம்எல் ஹெடரின் அடையாளம். அடையாளம் நான்கு பைட் நீளம் என்று எப்படித் தெரியும்? முதல் பைட்டான 1ஏ-வை பிட்டாக எழுதினால் 0001 1010. முன்னால் மூன்று சைபர், நான்காவது பிட் 1, ஆகவே நீளம் நான்கு பைட். அளவைக் குறிக்கும் எண்களுக்கும் இதே முறைதான். உள்ளே கொஞ்ச தூரத்தில் 42 82 என்று வரும், இது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் டாக்டைப் உறுப்பு. அடுத்து 88. பிட்டாக 1000 1000, முதல் பிட்டே 1 என்பதால் அளவு இந்த ஒரு பைட்டிலேயே முடிகிறது, மிச்சம் இருப்பது 8. அதற்கடுத்த எட்டு பைட்டையும் ஆங்கில எழுத்தாகப் படித்தால் மட்ரோஸ்கா என்ற பெயர், சரியாக எட்டு எழுத்து. சின்ன எண்ணுக்குச் சின்ன இடம், பெரிய எண்ணுக்கு எட்டு பைட் வரை இடம், இத்தனையும் ஒரே விதியில் அடங்கிவிடுகிறது. புரியாத உறுப்பு ஒன்று நடுவில் வந்தாலும் அதன் அளவைப் படித்துத் தாண்டிப் போய்விடலாம். 2002-இல் வந்த வடிவத்தில் பிறகு எத்தனையோ புதிய உறுப்புகளைச் சேர்க்க முடிந்தது இதனால்தான்.

இன்னொன்றும் டம்ப்பில் தெரிந்தது. பாதியில் அறுந்த கோப்பில், எல்லாவற்றையும் அடக்கிய செக்மென்ட் உறுப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் 01-க்குப் பிறகு ஏழு பைட்டும் எஃப்எஃப் என்று நிரம்பியிருந்தது. கெட்டுப்போன எண் என்று முதலில் பயந்தேன். அப்படியில்லை, எல்லா பிட்டும் 1 என்றால் "அளவு இன்னும் தெரியாது" என்று பொருள், வடிவத்தின் விதியிலேயே உள்ளது. எழுதுகிற மென்பொருள் தொடக்கத்தில் இப்படி வைத்துவிட்டு, பதிவு முடிந்ததும் திரும்பி வந்து உண்மையான அளவை எழுதும். திரும்பி வரவே முடியாமல் போனாலும் கோப்பு செல்லும். கரண்ட் போகும் என்பதை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொண்ட வடிவமாகத்தான் எனக்கு இது தெரிந்தது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். மட்ரோஸ்காவில் ஒவ்வொரு டிராக்குக்கும் மொழி என்ற உறுப்பு உண்டு, ஐஎஸ்ஓ 639-2 மூன்றெழுத்துக் குறி, தமிழுக்கு டி-ஏ-எம். அந்த உறுப்பே இல்லாவிட்டால் வெறுமையாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இயல்பு மதிப்பு இ-என்-ஜி, அதாவது ஆங்கிலம். மொழியைக் குறிக்காமல் விட்ட ஒவ்வொரு தமிழ்ப் பதிவும், வடிவத்தின் விதிப்படி, ஆங்கிலப் பதிவுதான். பிளேயரில் ஆடியோ பட்டியலில் ஆங்கிலம் என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், இதுதான் காரணம். இன்னொருவர் நம் பதிவுகளை மொழிவாரியாகத் தேடும் நாள் வந்தால், இந்த முகவீணையும் ஆர்மோனியமும் தமிழ்ப் பாட்டும் ஆங்கிலக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இப்போது பிசிபி47 என்ற மொழிக்குறி முறையில் குறிக்கும் புதிய உறுப்பும் வந்திருக்கிறது, அதில் டி-ஏ என்று எழுதலாம், இந்தியத் தமிழா இலங்கைத் தமிழா என்றுகூடப் பின்னொட்டால் குறிக்கலாம். அது இருந்தால் பழைய உறுப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது விதி.

என் நிரலின் முதல் பதிப்பு இந்த இடத்தில்தான் தப்புச் சொன்னது. எல்லா டிராக்கும் இ-என்-ஜி என்று மொழி குறிக்கப்பட்டதாகவே வந்தது, குறிக்காதது ஒன்றுகூட இல்லை என்றது. லிப்இபிஎம்எல்லில் ஒரு உறுப்புக்குள் இருக்கும் குழந்தை உறுப்பைப் பெற கெட்சைல்டு என்று ஒன்றும் ஃபைண்ட்சைல்டு என்று ஒன்றும் இருக்கின்றன. கெட்சைல்டு, குழந்தை இல்லையென்றால் இயல்பு மதிப்போடு தானே ஒன்றை உருவாக்கிச் சேர்த்துவிட்டுக் கையில் கொடுக்கும். எழுதும்போது வசதியானது. படித்துச் சோதிக்கும் நிரலுக்கு அது ஆகாது, இல்லாததை உருவாக்கிக் காட்டிவிடும். ஃபைண்ட்சைல்டு இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் நல் பாயின்டர், அதாவது ஒன்றும் இல்லை என்ற குறி. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் உண்மை வந்தது: மாமா வீட்டு டிஸ்கில் 46 எம்கேவி கோப்புகள், 31-இல் மொழி குறிக்கப்படவில்லை.

பெயர்களில் ஒரு நல்ல செய்தி. டிராக்கின் பெயர், கோப்பின் தலைப்பு இவையெல்லாம் வடிவத்தின்படி எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8. தமிழ் நேராக உள்ளே போகும், எந்த மாற்றமும் தேவையில்லை. இப்போது நான் இரண்டு மைக் வைக்கிறேன், ஒன்று மேளக்காரர்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கம், ஒன்று ஆட்டக்காரர்கள் பக்கம், இரண்டும் தனித்தனி டிராக், பெயரும் தமிழிலேயே.

இவ்வளவு நம்பி இந்த வடிவத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இபிஎம்எல் 2020 ஜூலையில் ஆர்எஃப்சி 8794 ஆகவும், மட்ரோஸ்கா 2024 அக்டோபரில் ஆர்எஃப்சி 9559 ஆகவும், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் மூலம் பொது ஆவணங்களாக வெளியாகிவிட்டன. எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத வீடியோ கோடெக்கும் ஐஇடிஎஃப்பின் அதே பணிக்குழுவின் வேலையாக ஆர்எஃப்சி 9043 ஆக வந்தது. எஃப்எஃப்வி1-ஐ மட்ரோஸ்காவுக்குள் வைத்துப் பாதுகாக்கும் முறையைப் பல நாட்டு ஆவணக் காப்பகங்கள் பின்பற்றுகின்றன. நாளைக்கு இந்த லைப்ரரிகளே இல்லாமல் போனாலும், அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார்ந்து இன்னொன்றை எழுதிவிடலாம். 40 பைட்டைக் கையால் படித்த பிறகு இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

போன மாதம் வீட்டிலேயே ஒரு சோதனை. பேட்டரியைக் கழற்றிய அதே லேப்டாப்பில் எம்கேவியாகப் பதிவைத் தொடங்கி, கடிகாரம் பார்த்து, சரியாக ஒரு மணி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப எழுப்பி என் நிரலை ஓட்டினால் கடைசி முழுக் கிளஸ்டர் 59 நிமிஷம் 38 விநாடியில். அந்த 22 விநாடி போனது கொள்கலனால் அல்ல, லினக்ஸ் கர்னல் எழுத வேண்டியதை நினைவகத்திலேயே 30 விநாடி வரை வைத்திருக்கும், அது டிஸ்குக்குப் போவதற்குள் கரண்ட் போய்விட்டது. எம்கேவிடூல்நிக்ஸின் எம்கேவிமெர்ஜில் ஒருமுறை திரும்ப மக்ஸ் செய்ததும் க்யூஸ் பட்டியல் வந்தது, முன்னும் பின்னும் தாவ முடிந்தது.

டிஸ்கில் இருந்த 31 கோப்புக்கும் எம்கேவிப்ராப்எடிட் கொண்டு மொழியைத் தமிழ் என்று குறித்தேன். படத்தையும் ஒலியையும் தொடாமல் ஹெடரை மட்டும் மாற்றுவதால் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். அவர் ரிமோட்டைக் கையில் வாங்கி, ஆடியோ பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். "மேளம் பக்கம்னு போட்டிருக்கியே, முகவீணை பக்கம்னு மாத்திடு" என்றார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன்.